கேளுங்க ரேஸ் அண்ணன்கிட்ட: 24 மணி நேர ரேஸும் 2025 சீசனும்

பல மணி நேரம் விடாம ஓடற கார் ரேஸுங்களுக்கான உலக சாம்பியன்ஷிப் தான் வேர்ல்டு எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப், சுருக்கமா டபிள்யூ.இ.சி. அதோட 2025 சீசன் நவம்பர்ல பஹ்ரைன்ல முடிஞ்சிருச்சு. அதப்பத்தி எதுனா கேக்கணும்னா கேளுங்கன்னு போன இதழ்ல ஒரு மூலைல சின்னதா போட்டிருந்தோம், வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் உள்ள ஆளுங்களோடது. சரி, இந்த தடவ பக்கம் மொத்தமும் வடசென்னைக்கே. பேர் போட வேணாம்னு நெறைய பேர் சொன்னதால ஏரியாவும் தொழிலும் மட்டும் போட்டிருக்கேன்.

கே: அண்ணே, 24 மணி நேரமும் ஒரே ஆளா ஓட்டுவாரு? தூக்கம் வந்து எங்கனா இட்ச்சிட்டா இன்னா பண்ணுவாங்க? (ஆட்டோ டிரைவர், தண்டையார்பேட்டை)

ஒரே ஆள் இல்லபா, ஒரு காருக்கு மூணு பேரு. பிரான்ஸ்ல நடக்கற லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல எந்த டிரைவரும் 6 மணி நேரத்துக்குள்ள 4 மணி நேரத்துக்கு மேல ஸ்டியரிங்க பிடிக்கக்கூடாது, மொத்தமா 14 மணி நேரத்த தாண்டக்கூடாதுன்னு ரூல் இருக்கு. பெரிய கார்ல ஒரு டேங்க் ஏறக்குறைய 12 லேப் (ட்ராக்க ஒரு சுத்து வந்தா ஒரு லேப்), அதாவது முக்கால் மணி நேரத்துக்குள்ள காலி, அப்புறம் பெட்ரோல் போட ட்ராக் ஓரத்துல இருக்கற பிட்டுக்கு வந்தே ஆகணும். அதே ஆளு தொடர்ந்து ரெண்டு டேங்க் மூணு டேங்க் ஓட்டிட்டு இறங்குவாரு, அடுத்தவரு ஏறுவாரு, இறங்குனவரு குளிச்சிட்டு பாஸ்தாவோ சோறோ கொஞ்சம் தின்னுட்டு பின்னாடி சின்ன ரூம்ல போய் படுப்பாரு, தூக்கம் வருதோ இல்லியோ கண்ண மூடிட்டு கிடக்கணும்.

ஆனா எல்லா ரேஸும் 24 மணி நேரம் கிடையாது. 2025-ல மொத்தம் 8 ரேஸ். கத்தார்ல 1812 கிலோமீட்டர், கடைசில பஹ்ரைன் 8 மணி நேரம், நடுவுல ஜூன்ல லெ மான்ஸ் 24 மணி நேரம், மத்ததெல்லாம் 6 மணி நேரம். 6 மணி நேர ரேஸ்ல ஜெயிச்சா 25 பாயின்ட், கத்தார்லயும் பஹ்ரைன்லயும் 38, லெ மான்ஸ்ல 50. இந்த கணக்க மனசுல வெச்சுக்கோ, கீழ தேவைப்படும்.

கே: சார், இந்த சீசன்ல யார் ஜெயிச்சா, எப்படி ஜெயிச்சா, முதல்லேர்ந்து சொல்லுங்க. யூடியூப்ல ஹைலைட்ஸ் பாத்தா ஒண்ணும் வெளங்கல. (கல்லூரி மாணவர், ராயபுரம்)

ஹைலைட்ஸ்ல வெளங்காது தம்பி, அதுல முந்துறதும் மோதுறதும் மட்டும் தான் காட்டுவான், இந்த ரேஸ் நடக்கறதே மீதி நேரத்துல தான்.

சாம்பியன் ஃபெராரி. கம்பெனி பட்டமும் அவங்களுக்கு, டிரைவர் பட்டமும் அவங்க 51-ஆம் நம்பர் கார் ஓட்டுன பியர் குய்டி, கலாடோ, ஜோவினாட்சி மூணு பேருக்கும். ஃபெராரி இந்த மாதிரி உலக எண்டூரன்ஸ் பட்டம் மொத்தமா வாங்குனது 1972-க்கு அப்புறம் இப்ப தான். ஆனா வேடிக்கை இன்னான்னா, 8 ரேஸ்ல மொத நாலும் ஃபெராரி, கடைசி நாலுல ஒண்ணு கூட இல்ல.

கத்தார்ல மொத மூணு இடமும் ஃபெராரி. அடுத்து இத்தாலில இமோலா, அவங்க சொந்த ஊரு, 51 ஜெயிச்சுது. பெல்ஜியத்துல ஸ்பா, மறுபடி 51. ஜூன்ல லெ மான்ஸ், அங்க மஞ்சள் கலர் 83-ஆம் நம்பர். அது வரைக்கும் பாத்தவன்லாம் போதும்டா சாமி டிவிய ஆஃப் பண்ணுங்கன்னு இருந்தான். ஜூலைல பிரேசில் இன்டர்லாகோஸ் போனதும் காத்து திரும்பிருச்சு, கேடிலாக் மொத ரெண்டு இடத்தையும் தூக்கிட்டான். செப்டம்பர்ல அமெரிக்கா ஆஸ்டின்ல செம மழை, அதுல போர்ஷே. மாசக் கடைசில ஜப்பான் ஃபூஜில யாரும் எதிர்பாக்காத ஆல்பீன், அந்த காருக்கு அது தான் டபிள்யூ.இ.சி.ல மொத வெற்றி. கடைசி பஹ்ரைன்ல டொயோட்டா, வருஷம் பூரா ஒண்ணும் கிடைக்காம கிடந்தவன் ரெண்டு காரையும் ஒண்ணு ரெண்டுன்னு கொண்டு வந்து நிறுத்துனான்.

8 ரேஸுக்கு 5 கம்பெனி ஜெயிச்சிருக்கான் பாரு. ஆனா பட்டம் ஃபெராரிக்கு போனது ஏன்னா, மொத பாதில வாங்கி வெச்ச பாயின்ட்ட ரெண்டாவது பாதில அவங்க தொலைக்கல. ஜெயிக்க முடியாத எடத்துல ரெண்டாவது, நாலாவது, எதையாவது ஒண்ண எடுத்துகினு வீட்டுக்கு போனாங்க. எதிராளிங்க எல்லாம் ஆளுக்கு ஒரு ரேஸா பிரிச்சுக்கிட்டாங்க, அதனால எவனும் கிட்ட வர முடியல. பட்டத்த குடுத்தது அந்த ரெண்டாவது பாதி தான்னு நான் சொல்வேன், நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

கே: லெ மான்ஸ் 2025-ல 24 மணி நேரம் ஓடி வெறும் 14 செகண்டு வித்தியாசமாமே, நெசமா? (மீன் வியாபாரி, காசிமேடு)

நெசம் தான். 83-ஆம் நம்பர் ஃபெராரி 387 லேப் ஓடுச்சு, ஒரு லேப் 13.626 கிலோமீட்டர், நீங்களே பெருக்கிப் பாத்துக்குங்க. அதுக்கு பின்னாடி 6-ஆம் நம்பர் போர்ஷே, 14 செகண்டு சொச்சத்துல. பிட்ல ஒரு நட்டு ஒழுங்கா இறங்கலன்னா அவ்ளோ நேரம் போயிடும்.

ஆனா எனக்கு அந்த 14 செகண்ட விட கார்ல இருந்த ஆளுங்க கதை தான் பெருசு. கடைசில கோட்டைத் தாண்டுனது ராபர்ட் குபிட்சா, போலந்துக்காரர். ஃபார்முலா ஒன்ல பெரிய ஆளா வந்துகினு இருந்தவரு, 2011 பிப்ரவரில ஒரு ராலில மோதி ரோட்டோர கம்பி காருக்குள்ள பூந்து வலது கை கிட்டத்தட்ட துண்டாயிடுச்சு, டாக்டருங்க தெச்சு ஒட்டுனாங்க. இன்னிக்கும் அந்த கை முழுசா வேலை செய்யாது, வேலையெல்லாம் முக்கால்வாசி இடது கைல தான். கூட ஓட்டுனவரு யே யிஃபே, சீனாக்காரர். இவங்க ரெண்டு பேரும் 2021-ல ஒரே டீம்ல லெ மான்ஸ் ஓட்டுனாங்க, எல்.எம்.பி. 2-ன்ற ரெண்டாவது கிளாஸ்ல கடைசி லேப் வரைக்கும் இவங்க கார் தான் ஃபர்ஸ்ட், அந்த கடைசி லேப்ல கார் நின்னு போச்சு. அப்ப வண்டில இருந்தது யே. நாலு வருஷம் கழிச்சு அதே ரெண்டு பேரும், கூட பிரிட்டிஷ்காரர் ஃபில் ஹான்சன், ரேஸையே மொத்தமா ஜெயிச்சாங்க. லெ மான்ஸ் ஜெயிச்ச மொத போலந்துக்காரர், மொத சீனாக்காரர்.

இதுல இன்னொரு கூத்து. 83 ஃபெராரி கார் தான், ஆனா அது கம்பெனி கார் இல்ல, ஏ.எஃப். கோர்ஸேன்னு ஒரு டீம் தனியா ஓட்டுறது. அதனால அது ஜெயிச்ச பாயின்ட் ஃபெராரி கம்பெனி கணக்குல சேராது! கம்பெனியோட 51 பிட்டுக்குள்ள நுழையற எடத்துல சுத்திகினு நின்னு நேரத்த விட்டுட்டு மூணாவது வந்துது.

கே: 50-ஆம் நம்பர் ஃபெராரிய டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்களே, இன்னா தப்பு பண்ணுச்சு அது? (மெக்கானிக், மூலக்கடை)

உங்க ஆளுங்களுக்கு தான் இது நல்லா புரியும். ட்ராக்ல நாலாவது வந்துச்சு. ரேஸ் முடிஞ்சதும் கார செக் பண்ணாங்க, பின்னாடி இறக்கைய ஒரு வெயிட்டு வெச்சு இழுத்துப் பாப்பாங்க, இவ்ளோ மில்லிமீட்டருக்கு மேல வளையக்கூடாதுன்னு கணக்கு, அதுக்கு மேல வளைஞ்சுது. ஏன்னு பாத்தா இறக்கைய தாங்குற எடத்துல போல்ட்டுங்க இல்ல. கழண்டு விழுந்துச்சோ என்னவோ, ரூல் அதயெல்லாம் கேக்காது. இறக்கை வளைஞ்சா நேர் ரோட்ல காத்து எதிர்ப்பு கம்மியாவும், ஸ்பீடு ஏறும், வேணும்னே பண்ணியோ தானா ஆச்சோ லாபம் லாபம் தான். 24 மணி நேரம் ஓடுனதும் போச்சு, பாயின்ட்டும் போச்சு.

கே: பிட் ஸ்டாப்ல ஜாக்கி போடறத நான் பாக்கவே இல்ல, ஆனா கார் தானா மேல எழும்புது. எப்படி? (அதே மெக்கானிக், மூலக்கடை, ரெண்டாவது கேள்வி)

கார் அடிலயே ஏர் ஜாக்கி இருக்கு. வண்டி வந்து நின்னதும் ஒருத்தர் பிரஷர் பைப்ப பின்னாடி சொருவுவாரு, புஸ்ஸுன்னு சத்தம் வரும், ஜாக்கிங்க இறங்கி கார் ஒரே தூக்கா எழும்பும். வீலுக்கு நம்ம ஊரு வண்டில இருக்கற நாலஞ்சு நட்டு கிடையாது, நடுவுல ஒரே நட்டு. பெட்ரோல் போடும்போது இன்ஜின் ஆஃப்ல தான் இருக்கணும்.

டிரைவர் மாத்தறத நல்லா கவனிச்சுப் பாருங்க. இறங்கற ஆளு வண்டி பிட் ரோட்ல வரும்போதே பெல்ட்ட தளர்த்திடுவாரு, உயரம் கம்மியான டிரைவர் வெச்சிருக்கற சீட் குஷன தூக்கிகினு இறங்குவாரு, ஏறுறவரு தன்னுத சொருவிட்டு குந்துவாரு, இறங்குனவரே குனிஞ்சு அவருக்கு பெல்ட் மாட்டி, தண்ணி பைப்பையும் ரேடியோ ஒயரையும் கனெக்ட் பண்ணிட்டு கதவ சாத்துவாரு. இதெல்லாம் பெட்ரோல் ஏறி முடியறதுக்குள்ள ஆயிடணும், அதுக்கு மேல போனா ஒவ்வொரு செகண்டும் நஷ்டம். வாரக்கணக்கா இத மட்டும் ப்ராக்டிஸ் பண்ணுவாங்க. கேரேஜுக்குள்ள போற வேலைன்னா ஜிடி கார்ங்களுக்கு (ரோட்ல ஓடற ஸ்போர்ட்ஸ் கார ரேஸுக்கு மாத்துனது) நடுராத்திரில பிரேக் பேடு டிஸ்க்கு மாத்தறதும் உண்டு, அத ஒரு தடவ பாத்தீங்கன்னா உங்க பசங்கள நீங்க திட்டுவீங்க.

கே: வேகமான காரையும் மெதுவான காரையும் ஒண்ணா விடறாங்களே, இது நியாயமா? (கன்டெய்னர் டிரைலர் ஓட்டுநர், எண்ணூர்)

நீங்களே இத கேக்கறீங்க பாருங்க! எண்ணூர் ஹைவேல நீங்க வரிசைல போய்கினு இருக்கும்போது ரெண்டு வண்டிக்கு நடுவுல பைக்காரன் பூந்து போறானே, அங்கயும் அது தான் நடக்குது, என்ன, 300 கிலோமீட்டர் வேகத்துல.

2025 லெ மான்ஸ்ல 62 கார். வேகப்படி பாத்தா மேல ஹைப்பர்கார், நடுவுல எல்.எம்.பி. 2, கீழ எல்.எம்.ஜி.டி. 3. மத்த ரேஸ்ங்கள்ல நடுவுல உள்ளது கிடையாது, ரெண்டு கிளாஸ் தான். ஜிடி 3-ல ஒவ்வொரு கார்லயும் ஒரு வெண்கல தரத்து, அதாவது அமெச்சூர் டிரைவர் கட்டாயம் இருக்கணும், அவங்கள்ல பாதி பேர் தொழிலதிபருங்க, காசு போட்டு கனவ ஓட்டுறவங்க. அவருக்கு பின்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஹைப்பர்கார் லைட்ட அடிச்சுகினு வருது, அவரு கண்ணாடில பாத்து வழி விடணும், ஆனா தன் கிளாஸ்ல பக்கத்துல உள்ளவன்கிட்ட எடத்தையும் விடக்கூடாது. நான் லெ மான்ஸ் பாக்கும்போது பாதி நேரம் இவங்கள தான் பாப்பேன். போர்ஷே ஓட்டுற மாந்தை டீம் 92-ஆம் நம்பர் 2025-ல லெ மான்ஸ் கிளாஸ் வெற்றியும் சீசன் பட்டமும் ரெண்டையும் வாங்குச்சு, அதுல ரயன் ஹார்ட்விக் தான் வெண்கல தரத்து டிரைவர். ஹைப்பர்கார் பேப்பர்ல வரும், இவங்க வர மாட்டாங்க.

கே: ஒண்ணுக்கு வந்தா? (பேர் ஏரியா எதுவும் இல்ல, ஆனா இத கேட்டவங்க ஆறேழு பேரு)

உள்ள கதவு மூடுன கார், வெளிய இருக்கறத விட சூடு ஜாஸ்தி, குடிக்கற தண்ணி எல்லாம் வேர்வையா போயிடும். மீதி அவங்க சாமர்த்தியம்.

கே: பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்னு ஒண்ணு சொல்றாங்க, நல்லா ஓடற காருக்கு வெயிட்டு ஏத்தறாங்களாம். அப்போ எதுக்கு ரேஸு? (ஐடிஐ மாணவர், கொருக்குப்பேட்டை)

நல்ல கேள்வி, சண்டைக்கு இழுக்கற கேள்வி. 2025 ஹைப்பர்கார் கிளாஸ்ல ரெண்டு விதமான கார் இருந்துச்சு. ஃபெராரி, டொயோட்டா, பியூஜோ, ஆஸ்டன் மார்ட்டின் இதெல்லாம் முழுக்க தாங்களே டிசைன் பண்ணது. போர்ஷே, கேடிலாக், பி.எம்.டபிள்யூ., ஆல்பீன் இவங்க அடிச்சட்டத்த ரெடிமேடா ஒரு கம்பெனிகிட்ட வாங்கி, எல்லாருக்கும் பொதுவான ஹைப்ரிட் பார்ட்ஸ மாட்டி, இன்ஜினும் பாடியும் மட்டும் தங்களுதா போடறாங்க, செலவு கம்மி. இந்த ரெண்டையும் ஒண்ணா விட்டா ஒருத்தன் ஜெயிச்சுகினே இருப்பான், மத்தவன் ரெண்டு வருஷத்துல கடைய மூடிட்டு போயிடுவான். அதனால ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னாடி எடை இவ்ளோ, பவர் இவ்ளோன்னு ஒரு பட்டியல் போடுவாங்க. குறைஞ்சபட்ச எடை 1030 கிலோ, அதுக்கு மேல ஏத்துவாங்க இறக்குவாங்க.

எனக்கு இது முழுசா பிடிக்காது. ஃபெராரி ரெண்டாவது பாதில சுருண்டதுக்கு இதுவும் ஒரு காரணம்னு ரசிகர்கள் கத்துனாங்க, ஆனா டீம்காரங்க வாயத் தொறக்க முடியாது, பட்டியலப் பத்தி வெளிய பேசக்கூடாதுன்னு ரூல்லயே இருக்கு! மைக்க நீட்டுனா சிரிச்சுட்டு வேற பேசுவாங்க, பாக்க பாவமா இருக்கும். ஆனா அதே பட்டியல் இருந்ததால தான் எட்டு கம்பெனி ஒரே கிளாஸ்ல நிக்குது. பத்து வருஷம் முன்னாடி மேல் கிளாஸ்ல ஆடி, போர்ஷே, டொயோட்டான்னு மூணு பேரு, அப்புறம் ஆடி போனான், போர்ஷே போனான், டொயோட்டா மட்டும் தனியா ஓடி 2018-லேர்ந்து 2022 வரைக்கும் லெ மான்ஸ வரிசையா அஞ்சு தடவ ஜெயிச்சான். அத விட இது மேலு.

கே: டொயோட்டா 2016-ல மூணு நிமிஷத்துல தோத்தத பத்தி எங்க மாமா இன்னும் புலம்பறாரு. என்ன ஆச்சு? (பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்)

மாமா புலம்பறது நியாயம் தான்மா. 23 மணி நேரம் 55 நிமிஷம் வரைக்கும் டொயோட்டா தான் முன்னாடி. கஸுகி நகஜிமா ரேடியோல பவர் இல்ல பவர் இல்லன்னு கத்துறாரு, கார் ஊர்ந்து வந்து பிட் எதிர்லயே கோட்டுகிட்ட நின்னு போச்சு, பக்கத்துல போர்ஷே தாண்டிப் போய் ஜெயிச்சுடுச்சு. கொடுமை அதோட முடியல, கடைசி லேப்ப 6 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்னு ஒரு ரூல், டொயோட்டா எப்படியோ கிளம்பி சுத்தி வந்துச்சு ஆனா நேரம் தாண்டிருச்சு, அதனால ரெண்டாவது எடமும் கிடையாது, ரிசல்ட்லயே பேர் இல்ல.

கே: தல அஜித் ஓட்டுறது இந்த டபிள்யூ.இ.சி. தானே? ஃப்ரெண்ட்ஸுக்குள்ள பெட்டு! (வெல்டர், வியாசர்பாடி)

பெட்டு போட்டது நீயா அவனா தெரியல, ஆனா இல்ல. அஜித் 2025 ஜனவரில துபாய்ல ஓடுனது 24 எச் சீரிஸ்னு வேற போட்டி, நெதர்லாந்துலேர்ந்து க்ரெவென்டிக்னு ஒரு அமைப்பு நடத்தறது. அதுவும் 24 மணி நேர ரேஸ் தான், நெசமான எண்டூரன்ஸ் தான், ஆனா உலக சாம்பியன்ஷிப் கிடையாது, சொந்த காசுல ஓட்டுறவங்களும் ப்ரொஃபெஷனலுங்களும் கலந்து ஓடறது.

அங்க நடந்தத சரியா சொல்றவன் கம்மி. ப்ராக்டிஸ்ல அவரு கார் சுவத்துல மோதி சுத்துன வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. அப்புறம் டீமோட நன்மைக்காக மெயின் கார் 901-ல தான் ஓட்டாம ஒதுங்கிகினாரு, மத்த டிரைவருங்க ஓட்டி 992 கிளாஸ்ல மூணாவது வந்தாங்க. அவரு அதே ரேஸ்ல இன்னொரு டீமோட ஜிடி 4 போர்ஷே கேமன்ல ஓட்டுனாரு. ஓனரே வண்டிலேர்ந்து இறங்கிக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்லபா, ஸ்டார் ஒருத்தரு அத பண்ணது எனக்கு மூணாவது எடத்த விட பிடிச்சுது. 2003-ல ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியா, 2010-ல ஃபார்முலா 2 ஓட்டுன ஆளு தான், சொம்மா ஷோவுக்கு வந்தவரு இல்ல.

கே: லெ மான்ஸ்ல நம்ம ஊரு ஆளுங்க ஓட்டிருக்காங்களா? (வங்கி ஊழியர், கொடுங்கையூர்)

சென்னை கருண் சந்தோக், 2012-ல ஜே.ஆர்.எம். டீம்ல டேவிட் பிராபம், பீட்டர் டம்ப்ரெக் கூட ஓட்டி மொத்தத்துல 6-வது எடம். அப்புறமும் சில தடவ போனாரு.

அதுக்கு முன்னாடி 2009-ல நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் கோலஸ் டீமோட ஆடி கார்ல ஓட்ட வேண்டியது. ரேஸுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி பிட் சுவத்துலேர்ந்து குதிச்சு தோள்பட்டை எறங்கிப் போச்சு, ஓட்டவே முடியல! மீதி ரெண்டு பேரே பூரா ரேஸையும் ஓட்டி 7-வது வந்தாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆந்த்ரே லாட்டரர், அப்புறம் ஆடி கம்பெனி டீமுக்கு போய் லெ மான்ஸ மூணு தடவ ஜெயிச்சாரு.

கே: சோழவரம் ரேஸ் பத்தி யாரும் எழுதறதில்லியே தம்பி. நாங்க பாத்த ரேஸ்லாம் ரேஸ் இல்லியா? (ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர், செங்குன்றம்)

எழுதறேன் சார், நீங்க கேட்டது நியாயம். இன்னிக்கு பசங்களுக்கு தெரியாது, இந்தியாவுல மோட்டார் ரேஸ்னா ஒரு காலத்துல வடசென்னை தாண்டி ஜி.என்.டி. ரோட்ல சோழவரம் தான். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல போட்ட விமான ஓடுதளம், அத ட்ராக்கா மாத்துனாங்க. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல ஆரம்பிச்சுது, அவங்க தான் நடத்துனாங்க. கோண்டல் மகாராஜா வந்து ஓட்டிருக்காரு, விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் கார கொண்டாந்து ஓட்டிருக்காரு. மேல சொன்ன கருணோட தாத்தா இந்து சந்தோக், அப்பா விக்கி சந்தோக் எல்லாம் அந்த காலத்து ஆளுங்க. ரெட்ஹில்ஸ் தாண்டி பஸ்ஸு, லாரி, சைக்கிள்னு கிடைச்சதுல ஏறி ஜனம் போச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. 1990-ல இருங்காட்டுக்கோட்டைல 3.7 கிலோமீட்டர் ட்ராக் வந்ததும் எல்லாம் அங்க போயிடுச்சு. 2024 ஆகஸ்ட் கடைசில தீவுத்திடல் சுத்தி 3.5 கிலோமீட்டருக்கு ராத்திரி ஸ்ட்ரீட் ரேஸ் நடத்துனாங்களே, அப்ப தான் இந்த பக்கத்து ஜனத்துக்கு மறுபடி இன்ஜின் சத்தம் கிட்டத்துல வந்துது. சோழவரத்துல ஒரு போர்டாவது வெக்கலாம், இன்னார் இன்னார் இங்க ஓட்டுனாங்கன்னு, அதுக்கு கோடிக்கணக்குல செலவா ஆகப்போவுது?

கே: எங்க திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். டயர் அங்க ஓடுதா? (டயர் கடை, திருவொற்றியூர்)

டபிள்யூ.இ.சி.ல இல்ல. ஹைப்பர்கார் எல்லாத்துக்கும் மிஷெலின், ஜிடி 3-க்கு குட்இயர், வேற யாரும் உள்ள வர முடியாது. ஆனா 2022 ஐரோப்பிய ராலி சாம்பியன் எஃப்ரென் யரேனா ஓட்டுனது எம்.ஆர்.எஃப். டயர்ல, டீமும் எம்.ஆர்.எஃப். டீமே. 1946-ல உங்க ஊர்ல பலூன் செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனி!

டயர்காரருங்கறதால ஒண்ணு சொல்றேன். டயர சூடு பண்ணி மாட்டறத இந்த சாம்பியன்ஷிப்ல தடை பண்ணிட்டாங்க. புது டயர் மாட்டிகினு பிட்லேர்ந்து வெளிய போற கார பாருங்க, ராத்திரி குளிர்ல மொத லேப்ல ரப்பர் பிடிக்கவே பிடிக்காது, பெரிய பெரிய டிரைவருங்க கூட வழுக்கி சுவத்துல போய் நிப்பாங்க. எண்ணிக்கையும் கட்டுப்பாடு, அதனால ஒரே செட்ட ரெண்டு டேங்க் மூணு டேங்க்குன்னு தேய தேய ஓட்டுவாங்க. யாரு டயர மிச்சம் பிடிக்கிறாங்கறத பாத்தாலே கடைசி ஒரு மணி நேரத்துல யாரு முன்னாடி இருப்பான்னு ஓரளவு சொல்லிடலாம்.

கே: ஒயின்ல ஓடுதாமே கார்லாம், கலாய்க்கறாங்களா? (கான்ட்ராக்ட் தொழிலாளி, மணலி)

கலாய்க்கல. 2022-லேர்ந்து டோட்டல்எனர்ஜீஸ் குடுக்கற எரிபொருள், ஒயின் செஞ்ச அப்புறம் மிஞ்சுற திராட்சை சக்கை, அடில தேங்குற வண்டல், இதுலேர்ந்து எடுக்கறது. குடிக்க முடியாது, அதையும் கேட்டிருந்தீங்க.

கே: பொண்ணுங்க இந்த ரேஸ்ல இருக்காங்களா? பேர் சொல்லுங்க, ஸ்கூல்ல ப்ராஜெக்ட். (ஒன்பதாம் வகுப்பு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை)

இருக்காங்க பாப்பா. அயர்ன் டேம்ஸ்னு மொத்தமும் பெண் டிரைவருங்க உள்ள டீம், 2023 பஹ்ரைன்ல சாரா போவி, மிஷெல் காட்டிங், ராஹெல் ஃப்ரே மூணு பேரும் தங்களோட கிளாஸ்ல ஜெயிச்சாங்க, பெண்கள் மட்டும் உள்ள டீம் டபிள்யூ.இ.சி.ல ஜெயிச்சது அது தான் மொத தடவ. இன்னும் பழசு வேணும்னா 1932 லெ மான்ஸ்ல ஓடெட் சிகோன்னு பிரெஞ்சு அம்மா மொத்தத்துல 4-வது வந்தாங்க, லெ மான்ஸ்ல ஒரு பெண் பிடிச்ச பெரிய எடம் இன்னிக்கும் அது தான். ப்ராஜெக்ட்ல இத மொதல்ல எழுது.

கே: அந்த காலத்துல ஓடிப்போய் கார்ல ஏறுவாங்களாம், ஏன் நிறுத்திட்டாங்க? (தையல்காரர், தங்கசாலை)

டிரைவருங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம், காருங்க அந்தப் பக்கம், கொடி விழுந்ததும் ஓடி ஏறி கிளம்பணும். அவசரத்துல பெல்ட் போடாம போவாங்க. 1969-ல ஜாக்கி இக்ஸ் எதிர்ப்பு காட்டறதுக்காக நிதானமா நடந்து போய், பெல்ட்ட நல்லா மாட்டிகினு கடைசி ஆளா கிளம்புனாரு. அதே மொத லேப்ல ஜான் வூல்ஃப்னு ஒருத்தர் மோதி செத்துட்டாரு. 24 மணி நேரம் கழிச்சு ஜெயிச்சது யாருன்னு நினைக்கறீங்க? இக்ஸ் தான், ரெண்டாவது வந்த போர்ஷேய விட சுமார் 120 மீட்டர் முன்னாடி. அடுத்த வருஷத்துலேர்ந்து ஓட்டம் கேன்சல்.

கே: ஹைப்ரிட்னு சொல்லி சத்தமே போச்சு அண்ணே, பழைய சத்தம் எந்த கார்ல இருக்கு? (சவுண்ட் சர்வீஸ், புளியந்தோப்பு)

2025-ல வந்த ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி. 6.5 லிட்டர் வி12, டர்போ கிடையாது, ஹைப்ரிட்டும் கிடையாது. லெ மான்ஸ்ல ரெண்டு காரும் முடிச்சுது, மொத வருஷத்துக்கு அது பெரிய விஷயம். ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க, உங்க பெரிய பாக்ஸ்ல போடாதீங்க, தெருவுல சண்டைக்கு வருவாங்க.

கே: என் பையனுக்கு 12 வயசு, ரேஸ் டிரைவர் ஆவணும்னு அடம். எவ்ளோ ஆவும், எங்க சேக்கறது? (ஃபேன்ஸி ஸ்டோர், கொளத்தூர்)

உண்மைய சொல்றேன், கோச்சுக்காதீங்க. கோ-கார்ட்லேர்ந்து தான் ஆரம்பிக்கணும், 12 வயசு லேட் இல்ல, ஆனா பெரிய டிரைவருங்க எல்லாம் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சவங்க. மொதல்ல வாடகை கார்ட்ல சில மாசம் ஓட்ட விடுங்க, ஒரே டைம்ல விடாம லேப் போடறானா, தோத்தா திரும்ப போகணும்னு சொல்றானான்னு பாருங்க. போட்டிக்குன்னு இறங்குனா இந்திய மோட்டார் ஸ்போர்ட் சங்கத்தோட லைசென்ஸ் வேணும், செலவு லட்சத்துல தான் பேச்சு, ஸ்பான்சர் இல்லாம ஃபார்முலா காருக்கு போறது சாதாரண வீட்டுக்கு முடியாத காரியம். கடன வாங்கி எறங்காதீங்க.

ஆனா ரேஸ்ல ஸ்டியரிங் மட்டும் வேலை இல்லைங்க. எரிபொருள் கணக்கு போடறவரு, டயர் பாக்கறவரு, டேட்டா பாக்கற இன்ஜினியரு, ராத்திரி மூணு மணிக்கு கியர்பாக்ஸ் இறக்கறவரு, இவங்க எல்லாரும் சம்பளம் வாங்கிட்டு உலகம் சுத்தறாங்க, டிரைவர்ல பாதிப்பேரு காசு குடுத்துட்டு சுத்தறாங்க. பையன் கணக்குல எப்படின்னு அடுத்த லெட்டர்ல எழுதுங்க.

கே: 2026-ல யார் ஜெயிப்பா? (அதே வியாசர்பாடி வெல்டர், இன்னொரு பெட்டு)

போர்ஷே 2025 சீசனோட டபிள்யூ.இ.சி. ஹைப்பர்கார்லேர்ந்து கிளம்பறேன்னு சொல்லிட்டான், லெ மான்ஸ 19 தடவ ஜெயிச்ச கம்பெனி இல்லாத மேல் கிளாஸ் எனக்கு கொஞ்சம் கசக்குது. புதுசா கொரியாவோட ஜெனிசிஸ் வர்றான், மொத வருஷம் அவன்கிட்ட ஒண்ணும் எதிர்பாக்காத. லெ மான்ஸ் ஜூன் 13, 14, நம்ம நேரம் சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு கொடி விழும். ஃபெராரி 2023, 24, 25-ன்னு மூணு தடவ வரிசையா ஜெயிச்சுட்டான், நாலாவது வேணாம்னு பட்டியல் போடறவங்களே நினைப்பாங்க. என் காசு டொயோட்டா மேல, பஹ்ரைன்ல ஓடுன ஓட்டத்த பாத்து சொல்றேன். உன் காசு உன்னுது, போன பெட்ட மொதல்ல செட்டில் பண்ணு.